மூன்றாம் கட்டத்தில் நின்ற மாடன்

கேசட்டை உருவி, அதன் வாயில் 'ஃபூ' என்று ஊதி, மறுபடி சொருகினால் விளையாட்டு ஓடும் என்று நம்பிய கடைசிக் கூட்டம் நாம்தான். ஊதினதால்தான் துருப்பிடித்தது என்று இப்போது யாரோ சொல்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். என் எச்சில் பட்டு எத்தனையோ கேசட் உயிர் பெற்றதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். உங்களில் பாதிப் பேருக்கு இப்போது வாசிக்கக் கண்ணாடி வேண்டும். எனக்கும்தான். நாற்பதுக்கு இன்னும் இரண்டு வருஷம் இருக்கும்போதே முழங்கால் பேசத் தொடங்கிவிட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை என் மகன் செல்போனோடு குப்புறப் படுத்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டான்: "அம்மா, கேம்ல வர்ற ஆளுங்கல்லாம் நெஜமா வாழ்ந்தவங்களா, இல்ல சாமியா?" அவன் திரையில் வில்லோடு ஒருவன் நின்றான். வேர்வைத்துளி முதற்கொண்டு தெரிகிறது. "எழுந்து போய்ப் படி" என்றேன். அவன் போய்விட்டான். நான்தான் அந்தக் கேள்வியைவிட்டு நகர முடியாமல் கிடக்கிறேன். அன்றிலிருந்து ஒரு வேலையும் உருப்படியாக ஓடவில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் பற்றவைக்க மறக்கிறேன். நேற்று ஒரகடத்தில் இறங்க வேண்டியவள் கம்பெனி பஸ்ஸில் அடுத்த நிறுத்தம்வரை போய்விட்டேன். சொல்லித் தொலைத்தால்தான் தீரும்போலிருக்கிறது. உங்களிடம் சொல்கிறேன்.

பென்னலூர்ப் பக்கம் கம்பெனிகள் வரத் தொடங்கிய காலம். அப்பா நிலத்தைக் கொடுத்துவிட்டு, மிச்சமிருந்த கொல்லையில் வரிசையாக ஆறு அறை கட்டினார். மேலே சிமென்ட் ஓடு. சித்திரை வெயிலில் உள்ளே நுழைந்தால் இட்லிப் பானை. அறைக்கு மூன்று பையன்கள். தெற்கிலிருந்து டிரெயினிங்குக்கு வந்தவர்கள். யாருடைய பெயரும் எங்களுக்குத் தேவைப்படவில்லை. ஒண்ணாம் நம்பர் அண்ணன், அஞ்சாம் நம்பர் அண்ணன், அவ்வளவுதான். அவர்கள் குளிக்கும்போது வரும் சோப்பு வாசனையையும் மீறி ஒரு எண்ணெய் வாசனை வரும். மெஷின் எண்ணெய். அந்த வாசனையை வைத்தே யார் எந்த டிபார்ட்மென்ட் என்று என் தம்பி சொல்லிவிடுவான்.

மூணாம் நம்பர் அண்ணன் பிரஸ் ஷாப், இரும்புத் தகட்டை அழுத்தி வடிவமாக்கும் இடம். தகட்டை உள்ளே வைத்து, கையை எடுத்து, இரண்டு பட்டனையும் ஒன்றாக அமுக்க வேண்டுமாம். அந்த வேலையை எங்களுக்கு நடித்துக் காட்டுவார். நெல்லைச் சீமையில் எங்கோ ஒரு ஊர். ரூமைக் காலி செய்த யாரிடமிருந்தோ அவருக்கு ஒரு பழைய டிவியும், சாம்பல் நிற கேம் பெட்டியும் வந்து சேர்ந்தன. இரண்டு ரிமோட்டில் ஒன்றுக்கு ஒயர் முழுக்க இன்சுலேஷன் டேப். அண்ணனுக்கு விளையாட வராது. எங்களை விளையாடவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து பார்ப்பார். அவருடைய கட்டைவிரல் நகம் ஒன்று கறுத்திருந்தது இப்போதும் என் கண்ணுக்குள் இருக்கிறது.

எங்களிடம் இருந்த ஒரே நல்ல கேசட்டில் அட்டைப்படம் கிழிந்திருந்தது. எழுத்து சீனமோ ஜப்பானோ, தெரியாது. ஒரு குள்ளன் கையில் கம்போடு வலப்பக்கமாக நடந்துகொண்டே இருப்பான். முதல் கட்டம் காடு. இரண்டாவது தண்ணீர். மூன்றாவதில் கரிந்த மரங்களும் மண்டை ஓடுகளும். அதன் முடிவில் அவன் வருவான். கறுத்த உடம்பு, தலையில் நீளமான குல்லாய், முழங்கால்வரை பட்டை போட்ட கால்சட்டை, வலக்கையில் எரிகிற பந்தம். முகம் என்று பார்த்தால் இரண்டு வெள்ளைப் புள்ளி. அதன் கீழே நாலு புள்ளி மீசை. மொத்தமே அவ்வளவுதான். இப்போது வருகிற விளையாட்டுகளில் இது இன்னார் என்று முகமே சொல்லிவிடுகிறது. அன்றைக்கு அந்தப் புள்ளிகளில் யாரை வேண்டுமானாலும் குடிவைக்கலாம்.

முதல் தடவை அவன் வந்தபோது தம்பி துள்ளி எழுந்தான். "துரியோதனன்டா!" அவன் மேல் தப்பில்லை. எங்கள் ஊர் திரௌபதி அம்மன் திருவிழா அப்போதுதான் முடிந்திருந்தது. பாரதப்போர் முடிகிற படுகளத்தன்று மண்ணால் செய்த துரியோதனன் தரையில் ஒரு வீட்டு நீளத்துக்கு மல்லாந்து கிடப்பார். பீமன் வேஷம் கட்டினவர் தொடையில் அடிப்பார். தம்பி என்னிடம் ரகசியமாகச் சொன்னான்: "தொடையிலயே அடி. அங்கதான் உயிரு கீது."

எங்கள் டியூஷன் சார் ஒருநாள் வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, "அது வெளிநாட்டு ராஜாம்மா, சரித்திரத்துல நெஜமா இருந்தவன்" என்றார். எந்த நாடு, எந்த ராஜா என்று கேட்டதற்கு, "பெரிய கிளாஸ் போனா வரும்" என்று நழுவிவிட்டார். அப்பாவிடம் போய்க் கேட்டோம். "ராஜாவாவது கூஜாவாவது. வெயில்ல போய் ஆடுங்க. கண்ணு பூத்துடும்" என்றார்.

மூணாம் நம்பர் அண்ணன் அவனை முதலில் பார்த்தது ஒரு சாயங்காலம். நான் குள்ளனை ஓடவிட்டு ஒரு அடி கொடுத்திருப்பேன். கட்டிலிலிருந்து எழுந்து வந்து என் கையிலிருந்த ரிமோட்டைப் பிடித்துக்கொண்டார்.

"ஏ பாப்பா, அடிக்காத. நிறுத்து."

"ஏண்ணா?"

"யாருன்னு தெரியலையா? குல்லாயைப் பாரு. சல்லடத்தைப் பாரு. கையில பந்தம். நிக்கது சுடுகாடு. சுடலமாடன் பாப்பா. எங்க குலசாமி."

தம்பி விடவில்லை. "சீனாக்காரன் கேம்ல உங்க சாமி எப்டிண்ணா வரும்?"

"மாடன் போவாத எடம் உண்டாலே?" என்றார் அண்ணன். சிரிக்காமல் சொன்னார்.

அன்றைக்குத்தான் அவருடைய கதை எங்களுக்குத் தெரிந்தது. அவர் ஊர்க் கோயிலில் சாமியாடி அவருடைய அப்பா. கொடை என்று அவர்கள் சொல்கிற திருவிழாவில் சாமி அவர் மேல்தான் இறங்கும். அந்தக் குல்லாயும், சல்லடம் என்கிற அந்தக் கால்சட்டையும் அவருக்குத்தான். அவர் முந்தின வருஷம் செத்துப்போனார். இந்த வருஷம் அது மகனுக்கு வர வேண்டும். சித்திரைக் கடைசி வெள்ளி கொடை. அதே சித்திரையோடு அண்ணனுக்கு டிரெயினிங் முடிகிறது. அந்த மாசம் லீவு போட்டால் வேலை உறுதியாகாது என்று சூப்பர்வைசர் கையை விரித்துவிட்டார். "நான் போவலன்னா சித்தப்பா குல்லாய் வச்சுருவாரு. ஒருவாட்டி அங்கன போயிட்டுன்னா பெறவு நம்மகிட்ட வருமா வராதான்னு யாருக்குத் தெரியும்?" வேலையா சாமியா என்று அவர் தடுமாறினது எனக்கு அந்த வயதில் விளையாட்டாக இருந்தது. விடுமுறையில் வீட்டில் கிடந்த எனக்கு ஏதாவது ஒன்று நடந்தால் போதும்.

அதன் பிறகு மூணாம் நம்பரில் ஒரு சட்டம் வந்தது. மாடனை யாரும் அடிக்கக் கூடாது. மூன்றாம் கட்டத்தின் முடிவுக்கு யார் போனாலும் குள்ளனை நேராகப் பந்தத்துக்குள் நடத்திக் கொண்டுபோய்ச் சாக விட வேண்டும். நாங்களும் அப்படியே செய்தோம். கும்பிட்டுக்கொண்டே செத்தோம். "துரியோதனனைப் போய் கும்புட்டுக்கினு" என்று தம்பி முணுமுணுப்பான். அந்த விடுமுறை முழுக்க எங்களில் ஒருவரும் நாலாவது கட்டத்தைப் பார்க்கவில்லை. தெருப் பிள்ளைகள் எங்களைக் கேலி செய்தார்கள். எனக்கு அதில் ஒரு கர்வம்கூட இருந்தது.

கொடைக்கு முந்தின வெள்ளிக்கிழமை அண்ணன் இங்கிருந்தே விரதம் தொடங்கினார். ஒருவேளைச் சாப்பாடு. வெறும் தரையில் படுக்கை. மணிக்கட்டில் மஞ்சள் துண்டு கட்டின நூலைத் தானே காப்பாகக் கட்டிக்கொண்டார். மறுநாள் வந்தபோது கை வெறுமையாக இருந்தது. மெஷின் பக்கம் மோதிரம், கயிறு எதுவும் ஆகாது என்று கம்பெனி கேட்டிலேயே கத்தரித்துவிட்டார்களாம். அறுந்த காப்பைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து எங்களுக்குக் காட்டினார். எழுந்து வாசலுக்குப் போவார், திரும்பி வருவார், பானைத் தண்ணீரை மொண்டு குடிக்காமல் வைத்துவிடுவார். அவர் நிலைகொள்ளாமல் அலைவதைப் பார்த்து எங்களுக்கும் உட்கார முடியவில்லை.

யோசனை என்னுடையதுதான். தம்பி மேல் போட இப்போது எனக்கு மனசு வரவில்லை. அண்ணன் ஊருக்குப் போக முடியாவிட்டால் என்ன? மாடன்தான் இங்கேயே இருக்கிறானே. கொடையன்று உச்சிப்பொழுதில் அவனை வரவழைத்து நிறுத்திவிட்டால்? ஸ்டார்ட் பட்டனை அமுக்கினால் விளையாட்டு அப்படியே நின்றுவிடும். சாமி எங்கும் போகாது. அண்ணன் வந்ததும் கண் குளிரக் கும்பிட்டுக்கொள்ளட்டும். இதைவிடப் பெரிய புண்ணியம் ஒன்று உண்டா என்றிருந்தது எனக்கு.

ஆனால் அறை பூட்டியிருக்கும். எல்லா அறைக்கும் மாற்றுச்சாவி எங்கள் வீட்டு ஆணியில் தொங்கும். அதை நாங்கள் தொடக் கூடாது. "வாடகைக்கு வுட்டப்புறம் அது அவங்க வூடு. ஆளில்லாதப்ப எவனாவது நொழைஞ்சீங்க, தோலை உரிச்சிடுவேன்" என்று சொல்லியிருந்தார். சொன்னால் செய்கிற மனிதர்.

வெள்ளிக்கிழமை வந்தது. அண்ணன் முந்தின ராத்திரி ஷிஃப்டுக்குப் போனவர். அதோடு நாலு மணி நேரம் ஓ.டி.யும் சேர்த்துக் கொடுத்திருந்தார்கள். பஸ் அவரைப் பன்னிரண்டு மணிவாக்கில்தான் கொண்டுவந்து விடும். கூட இருந்த இரண்டு பேரும் பகல் ஷிஃப்ட். பதினோரு மணிக்குச் சாவியை உருவிக்கொண்டு உள்ளே போனோம். மூன்றாம் கட்டம்வரை போக எனக்கு நாலு தடவை ஆனது. கை வேர்த்து ரிமோட் வழுக்கியது. கடைசியில் மாடன் வந்தான். தம்பியிடம் ரிமோட்டைக் கொடுத்து நிறுத்தச் சொன்னேன். மாடன் அப்படியே நின்றான். அந்த டிவியில் படம் நின்றாலும் சும்மா இருக்காது, மேலும் கீழுமாகத் துடித்துக்கொண்டே இருக்கும். முன்னால் ஒரு வாழைப்பழம், எலுமிச்சம்பழம், அம்மாவின் சாமி மாடத்திலிருந்து எடுத்த திருநீறு. ஊதுவத்தியும் ஏற்றினேன். சிமென்ட் ஓட்டின் கீழே புகை வெளியேற வழியில்லாமல் சுற்றியது.

அண்ணன் வாசலில் வந்து நின்றார். நீலச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. முதல்நாள் மத்தியானம் சாப்பிட்டவர். தூங்கவும் இல்லை. திறந்த கதவைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், பிறகு டிவியைப் பார்த்தார். அவர் முகம் போன போக்கைக் கண்டு தம்பி பயந்துபோய்க் கையிலிருந்த ஸ்டார்ட் பட்டனை அமுக்கிவிட்டான்.

மாடன் பந்தத்தோடு நடக்கத் தொடங்கினான்.

அண்ணன் போட்ட சத்தத்தை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. கால் இரண்டும் தரையில் நிற்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, வலக்கையை மேலே தூக்கி, இல்லாத பந்தத்தைப் பிடித்திருப்பதுபோல் சுழற்றி ஆடினார். ஷூ போட்ட கால் பானையை உதைத்தது. தண்ணீர் அறை முழுக்க ஓடியது. பிறகு மரம்போல் விழுந்தார். உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. வாயோரம் நுரை. நான் ஓடிப்போய் டிவி ஒயரைப் பிடுங்கினேன். பழத்தையும் எலுமிச்சையையும் பாவாடைக்குள் சுருட்டிக்கொண்டேன். அப்பா வந்துவிட்டார்.

"காக்கா வலிப்பு! நவுரு, நவுரு" என்று கத்திக்கொண்டே இடுப்பிலிருந்த வீட்டுச் சாவிக்கொத்தை அண்ணன் கையில் திணித்தார். தலையை மடியில் வைத்துக்கொண்டு, "இன்னா நடந்துது?" என்று கேட்டார்.

"தெரிலப்பா. சத்தம் கேட்டு ஓடியாந்தோம்" என்றேன்.

அப்பாவைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். அன்று முழுக்க அண்ணன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். கஞ்சி வைத்துக் கொடுக்கச் சொன்னார். கண் விழித்த அண்ணன், "வலிப்பு இல்ல அண்ணாச்சி, சாமி வந்துட்டு" என்று சொன்னதை அவர் நம்பவில்லை. மறுநாள் பஸ் நிற்கிற இடத்தில் சூப்பர்வைசரைப் பார்த்து, "பையனுக்கு வலிப்பு வருதுங்க. பிரஸ்ஸுல கை வெக்கிற வேலை. கொஞ்சம் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். நல்லெண்ணம்தான். அவ்வளவு அக்கறையோடுதான் ஒருவனுடைய பிழைப்பில் அவர் கை வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை சூப்பர்வைசர் எங்கள் வீட்டுக்கே வந்தார். மதுரைப் பக்கத்துக்காரர். முற்றத்தில் நாற்காலி போட்டோம். அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"இங்க பாருப்பா, சாமி வர்றது எங்க ஊர்லயும் உண்டு. எங்க மாமாவுக்கே வரும். அதுக்காக யாரையும் வேலையவிட்டு எடுக்கப் போறதில்ல. ஆனா வலிப்புன்னா பிரஸ்ல நிக்க விட முடியாது. நாளைக்கு ஒன் கை போச்சுன்னா யாரு பதில் சொல்றது? சாமி சும்மா வராது. கொட்டு கேட்டா வரும், உருவத்தப் பாத்தா வரும். ஒனக்கு எதப் பாத்து வந்துச்சு?"

"டிவில மாடன் நின்னாரு சார்."

சூப்பர்வைசர் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். "டிவி ஓடிச்சாண்ணே?"

"புள்ளைங்கதான் முன்னால போச்சிங்க. அதுங்கள கேளுங்க" என்றார் அப்பா.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான்: ஓடியது என்று சொன்னால், யார் போட்டது, பூட்டின அறைக்குள் எப்படிப் போனீர்கள் என்று அடுத்த கேள்வி வரும். அதற்கடுத்தது அப்பாவின் கை. ஒரு சொல்லில் ஒருவருக்கு வேலை நிலைக்கும், எனக்கு முதுகு பழுக்கும். பதினோரு வயதுக்கு அது பெரிய கணக்கில்லை என்று நீங்கள் சொல்லலாம். எனக்குப் பெரிதாக இருந்தது.

"ஆஃப்லதான் சார் இருந்துச்சு" என்றேன்.

அண்ணன் என்னைப் பார்த்தார். பாப்பாதான் போட்டா என்று அவர் சொல்லியிருக்கலாம். கதவைத் திறந்தது யார் என்று கேட்டிருக்கலாம். வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தவர் அவர். "பாப்பா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார்.

அந்த மாசக் கடைசியோடு அவரை வர வேண்டாம் என்றுவிட்டார்கள். ஒரு தகரப் பெட்டியோடு கிளம்பினார். டிவியை அறையிலிருந்தவர்களுக்கும், கேம் பெட்டியை எங்களுக்கும் விட்டுவிட்டுப் போனார். போகும்போது தம்பியின் தலையைத் தடவி, "இனி அடிச்சு வெளையாடுலே. அது சும்மா பொம்மதான்" என்றார். அவர் எனக்காகத்தான் அப்படிச் சொன்னார் என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.

பள்ளி திறப்பதற்கு முன் ஒருநாள் அடித்தேன். தொடையிலேயே ஏழெட்டு அடி. மாடன் புள்ளி புள்ளியாக உதிர்ந்தான். நாலாவது கட்டம் வந்தது. அதன் முடிவிலும் அதே ஆள்தான் நின்றான், நிறம் மட்டும் நீலம். தம்பிக்குச் சப்பென்று போய்விட்டது. நான் பெட்டியை அணைத்தேன். அம்மா அதை எந்த வருஷம் பழைய சாமான்காரனுக்குப் போட்டாள் என்றுகூடத் தெரியாது. என் மகன் கேட்டதிலிருந்து அந்த விளையாட்டை வலையில் தேடிக்கொண்டிருக்கிறேன். பெயர் தெரியாமல் எதைத் தேடுவது? துடிக்கிற வெளிச்சத்தைப் பார்த்தால் சிலருக்கு வலிப்பு வரும் என்று ஓரிடத்தில் படித்தேன். பட்டினி, தூக்கமின்மை என்றும் போட்டிருந்தது. அப்படியென்றால் அப்பா சொன்னதே சரியா? வேலை போனதால்தான் அந்தக் கை தப்பியதா? நினைத்தால் ஒருநாள் இது ஆறுதலாக இருக்கிறது, மறுநாள் என் பொய்க்கு நானே பூசிக்கொள்கிற பவுடராக இருக்கிறது.

நேற்றுச் சாயங்காலம் பொறுக்க முடியாமல் அப்பாவிடம் போனேன். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். சாவி எடுத்தது, மாடனை நிறுத்தினது, ஒயரைப் பிடுங்கினது, சூப்பர்வைசரிடம் சொன்ன பொய். அவர் வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டார்.

"தெரியும்" என்றார்.

"இன்னா தெரியும்?"

"நான் வாசப்படியில கால் வெக்கசொல்லவே டிவி ஓடிக்கினு இருந்துது. நீ ஒயரப் புடுங்கினத பாத்தேன்."

எனக்கு ஆத்திரம் வந்தது. இத்தனை வருஷமும் நான் ஒருத்தியே சுமந்ததாக நினைத்திருந்தேன். "பின்ன ஏன்பா அந்த ஆளாண்ட சொல்லல?"

"நீ ஆஃப்ல இருந்துச்சுன்னு சொல்ட்டியே. அவ்ளோ பேர் எதிர்ல என் பொண்ணு பொய் சொல்றான்னு நானே சொல்றதா? அதுவுமில்லாம வலிப்புன்னுதான் அப்போ நெனச்சேன். இப்போ கேட்டா தெரியல." எச்சிலைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார முடிந்தது. நான் அதற்குமேல் அவரை வையவில்லை.

"தேடிப் போலாம்பா. ஊரு எதுன்னு சொல்லு. நெல்லைப் பக்கம் சுடலமாடன் கோயில்ல சாமியாடி பையன்னு கேட்டா..."

"அங்க தெருவுக்கு ஒரு மாடன் கோயில் கீதாம். எதுன்னு போவ?" அப்பா இன்னொரு வெற்றிலையை எடுத்து மடித்தார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார். "அந்தப் பையன் பேரு இன்னாம்மா?"

ரிமோட்டும் கையுமாக ஒரு விடுமுறை முழுக்க அவர் அறையிலேயே கிடந்தவள் நான். நாலு புள்ளி மீசைக்காரன் யார் என்று தெருவில் போகிறவரையெல்லாம் நிறுத்திக் கேட்டவள். அப்பா பதிலுக்காகக் காத்திருந்தார்.

"மூணாம் நம்பர் அண்ணன்னுதான்பா கூப்டுவோம்" என்றேன்.